மேக்னம் ரைஃபிளும் தோட்டாவும்: தொலைதூர வேட்டைக்குத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய .300 வின்செஸ்டர் மேக்னத்தைத் தூக்கிக்கொண்டு சுடுதளத்துக்கு வந்திருந்தார். நூறு மீட்டரிலேயே குறி சிதறுகிறது, கோளாறு மேலே பொருத்திய குறிநோக்கியான ஸ்கோப்பில்தான் என்பது அவர் கட்சி. மாகசினை வாங்கி, மூன்று நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத ஒரு பொய்த் தோட்டாவைச் செருகிக் கொடுத்தேன். எத்தனையாவது என்று சொல்லவில்லை. முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவதில் விசை 'டிக்' என்றதோடு சரி. ஆனால் குழல்முனை நான்கு விரற்கடை கீழே குத்தியது. அவர் கண்கள் இறுக மூடியிருந்தன. அதன்பிறகு ஸ்கோப்பைப் பற்றி அவர் பேசவில்லை.

மேக்னம் வாங்குவோரில் பெரும்பாலோர் தோட்டாவின் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். பிறகு அதற்கேற்ற ரைஃபிள், அதன்மேல் ஒரு ஸ்கோப், கடைசியாக எதைச் சுடுவது, எவ்வளவு தூரத்தில் சுடுவது என்ற யோசனை. இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்புகிறது. முதலில் விலங்கு, தூரம்; அடுத்து உங்கள் தோள்; பிறகு குண்டு; அதற்கும் பிறகுதான் தோட்டாவும் ரைஃபிளும்.

ஒரு சொல் விளக்கம். இங்கே தோட்டா என்பது பித்தளைக் கூடு, மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்பது குழலைவிட்டுப் பறந்து போகும் பகுதி மட்டும். இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

மேக்னம் என்றால் என்ன?

பெரிய மதுப்புட்டிக்கு இருந்த பெயரைத் துப்பாக்கிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதே விட்டமுள்ள சாதாரணத் தோட்டாவைவிடப் பெரிய கூடு, கூடுதல் மருந்து, கூடுதல் வேகம் என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குத் துல்லியமான வரையறை கிடையாது. லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் .375 மேக்னத்தையும், 1925-இல் அதே கூட்டின் கழுத்தை ஒடுக்கி .300 மேக்னத்தையும் கொண்டுவந்தது. கூட்டின் அடியில் ஓடும் பட்டை அங்கிருந்து வந்ததுதான். சரிவான தோளுடைய (கூடு கழுத்தாக ஒடுங்கும் இடம்தான் தோள்) அந்தக் கூடுகள் குழலறைக்குள் சரியான ஆழத்தில் நிற்க அந்தப் பட்டை தேவைப்பட்டது. பின்னால் வந்த செங்குத்தான தோளுள்ள கூடுகளுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் விளம்பரத்தில் 'பட்டை வைத்தது' என்றால் வலிமையானது என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் ஓடியது. இப்போது வரும் புதிய மேக்னங்களில் பெரும்பாலானவற்றில் பட்டை இல்லை. பட்டை இருப்பதை வைத்தோ இல்லாததை வைத்தோ ஒரு தோட்டாவை ஏற்கவோ தள்ளவோ வேண்டாம்.

படி 1: எந்த விலங்கு, எவ்வளவு தூரம்?

இதற்குப் பதில் சொல்ல ஒரு சிறு கணக்குப் போதும். காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

நடுத்தர மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியை 20 சென்டிமீட்டர் வட்டமாக வைத்துக்கொள்வது வழக்கம். நடுவிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் 10 சென்டிமீட்டருக்குள் விழ வேண்டும். நல்ல ரைஃபிள், நல்ல தோட்டா, நிதானமான கை மூன்றும் சேர்ந்து ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) குறியடக்கம், அதாவது குண்டுகள் எல்லாம் அடங்கும் வட்டம், தருகின்றன என்று கொள்வோம். நூறு மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர் வட்டம். முந்நூறு மீட்டரில் ஏறத்தாழ 8.7, அதாவது நடுவிலிருந்து 4.4 சென்டிமீட்டர் விலகல். இதன்மேல் காற்றைச் சேருங்கள். .300 வின்செஸ்டர் மேக்னத்தில் 200 கிரெய்ன் (ஏறத்தாழ 13 கிராம்) குண்டு வினாடிக்கு 870 மீட்டரில் கிளம்பினால், மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று முந்நூறு மீட்டரில் அதை ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் தள்ளும். காற்றை மணிக்கு ஐந்து கிலோமீட்டர் தவறாகக் கணித்தாலே 5 சென்டிமீட்டர் போய்விடும். 4.4-உம் 5-உம் கூட்டினால் 9.4. பத்துக்குள் நிற்கிறது, அதுவும் மயிரிழையில்.

அதே கணக்கை ஐந்நூறு மீட்டருக்குப் போடுங்கள். ரைஃபிளின் விலகல் 7 சென்டிமீட்டருக்கு மேல். அதே காற்றுத் தள்ளல் இப்போது அரை மீட்டரை நெருங்குகிறது. ஐந்து கிலோமீட்டர் தவறு 15 சென்டிமீட்டர். கூட்டினால் 22. மானின் நுரையீரலை விட்டுக் குடலுக்குப் போய்விட்டோம்.

பள்ளத்தாக்கின் குறுக்கே காற்றை ஐந்து கிலோமீட்டர் துல்லியத்துக்குள் கணிப்பது எளிதென்று நினைப்பவர்கள், உங்கள் காலடியில் புல் வலப்பக்கம் சாயும்போது எதிர்ச்சரிவில் புல் இடப்பக்கம் சாய்வதை ஒருமுறை தொலைநோக்கியில் பார்த்திருக்க வேண்டும். நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்ல அங்கே புல்லே இருக்காது.

எல்க் போன்ற பெரிய விலங்கின் உயிர்ப்பகுதி 25 முதல் 30 சென்டிமீட்டர். வரம்பு கொஞ்சம் நீளும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்நூறு மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஏறத்தாழ 0.7 வினாடி ஆகிறது. மேயும் விலங்கு ஓர் அடி எடுத்துவைக்க அது போதும். நீங்கள் பிழையே செய்யாமல் சுட்டாலும், விலங்கு நகர்ந்துவிட்டால் அந்தக் குண்டு வேறெங்கோ படுகிறது.

ஆகவே முதல் படியின் விடை ஓர் எண். முதுகுப்பையின் மேல் ரைஃபிளைச் சாய்த்து, மூச்சிரைப்போடு, முதல் குண்டிலேயே பத்தில் ஒன்பது முறை எந்தத் தூரத்தில் அந்த வட்டத்துக்குள் போடுகிறீர்கள்? மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்ட கணக்கு இங்கே செல்லாது. பலருக்கு இந்த எண் 250 அல்லது 300 என்று வரும். அப்படி வந்தால் மேக்னமே தேவையில்லாமல் போகலாம்; .308 அல்லது .30-06 போதும். ஏமாற வேண்டாம், பணம் மிச்சம்.

சட்டத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். வேட்டை அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் விலங்குக்கு விலங்கு குறைந்தபட்சக் காலிபர் (குண்டின் விட்டம்), குண்டின் வகை, ஒலியடக்கி ஆகியவற்றுக்கு விதிகள் மாறும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. இப்படி ஒரு விதி இருந்தாலே மூன்றாம் படியில் உங்கள் தெரிவுகள் பாதியாகக் குறைந்துவிடும்.

படி 2: உங்கள் தோள் என்ன சொல்கிறது?

இதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "உதைப்பெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை" என்று சொல்லாத வேட்டைக்காரரை நான் பார்த்ததில்லை. பொய்த் தோட்டா மட்டும் உண்மை பேசும்.

ஸ்கோப்போடு 3.6 கிலோ எடையுள்ள ரைஃபிளில், வழக்கமான குண்டு, மருந்து அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் உதைப்பின் ஆற்றல் தோராயமாக இப்படி வரும். .308 வின்செஸ்டர் 23 ஜூல். 6.5 பி.ஆர்.சி. (பிரிசிஷன் ரைஃபிள் கார்ட்ரிட்ஜ் என்ற தோட்டா வகை) 28. 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் 36. 7 மி.மீ. பி.ஆர்.சி. 41. 200 கிரெய்ன் குண்டோடு .300 வின்செஸ்டர் மேக்னம் 47; .308-இன் இரு மடங்கு. .300 ரெமிங்டன் அல்ட்ரா மேக்னம், .338 வகைகள் இதற்கும் மேலே.

எடையைக் கூட்டினால் உதைப்பு அதே விகிதத்தில் குறையும். 47 ஜூல் என்றது 4.5 கிலோ ரைஃபிளில் 38-க்கு இறங்கும். மலையில் சுமக்க எளிதாக இருக்கும் என்று மூன்று கிலோவுக்குக் கீழே .300 மேக்னம் வாங்குபவர், பகல் முழுவதும் தோளுக்குக் கொடுத்த இளைப்பாறலை ஒரே நொடியில் திருப்பிச் செலுத்துகிறார்.

குழல்முனையில் பொருத்தும் பிரேக் உதைப்பை வெகுவாகக் குறைக்கும். பாதியளவு குறைப்பவையும் உண்டு. விலை காதுக்கு. வெடியோசையில் 140 டெசிபெல் உச்சத்தைத் தாண்டினாலே ஒரே வெடியில் செவித்திறன் கெடக்கூடும். பிரேக் வைத்த மேக்னம் 160-ஐத் தாண்டும்; அதையும் பக்கவாட்டில், துணைக்கு வந்தவர் காதுப் பக்கமாகவே திருப்பிவிடும். சட்டம் அனுமதித்தால் ஒலியடக்கிதான் என் தேர்வு. உதைப்பும் குறையும், ஓசையும் குறையும், குழல் கொஞ்சம் நீளும். அதன் நீளத்தை மனத்தில் வைத்தே குழலின் நீளத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் இரவல் வாங்கியாவது, மனத்தில் வைத்திருக்கும் தோட்டாவில் இருபது சுடுங்கள். நடுநடுவே பொய்த் தோட்டா கலக்கச் சொல்லுங்கள். பதினைந்தாவதிலும் குழல்முனை அசையவில்லையென்றால் அது உங்கள் தோட்டா. அசைந்தால் ஒரு படி இறங்குங்கள். இதில் மானக்கேடு ஒன்றுமில்லை.

படி 3: முதலில் குண்டு, பிறகுதான் தோட்டா

1946-இல் ஜான் நாஸ்லர் என்ற வேட்டைக்காரர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேற்றில் புரண்டு எழுந்த ஒரு மூஸை (மிகப் பெரிய மான் வகை) .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்தால் சுட்டார். குண்டுகள் மேலேயே சிதறின, ஆழமாக இறங்கவில்லை. வேகம் போதாமல் வந்த சிக்கலா என்றால் இல்லை. அந்த வேகத்தை அந்தக் குண்டு தாங்கவில்லை. ஊர் திரும்பியவர், நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி கலையாமல் துளைத்துச் செல்லும் குண்டை உருவாக்கினார். 1948 முதல் 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் கடைகளில் இருக்கிறது.

தொலைதூர வேட்டையில் சிக்கல் இரட்டையாகிறது. ஐம்பது மீட்டரில் திடீரென எழும் விலங்கைச் சுட்டால் குண்டு முழு வேகத்தில் மோதும், சிதறக்கூடாது. ஐந்நூறில் சுட்டால் வேகம் வெகுவாக இறங்கியிருக்கும். விரியாமல் ஊசிபோலத் துளைத்துப் போய்விடக்கூடாது. ஒரே குண்டு இரண்டையும் செய்ய வேண்டும். அதனால் குண்டு வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்.

முதலாவது, விரிவதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகம். தயாரிப்பாளர் அதை வெளியிடுவார். ஈயக் கருவுள்ள வழக்கமான வேட்டைக் குண்டுகளுக்கு வினாடிக்கு 550 மீட்டரை எல்லையாகக் கொள்வது பாதுகாப்பு. தொலைதூரத்துக்கென்றே செய்யப்பட்ட சில குண்டுகள் அதற்கும் கீழே விரியும். முழுச் செம்புக் குண்டுகள் கடினமானவை. பலவற்றுக்கு 600 மீட்டர் வேகமாவது தேவை. உங்கள் தோட்டாவில் அந்தக் குண்டு எந்தத் தூரத்தில் இந்த வேகத்துக்கு இறங்குகிறது என்று பாருங்கள். அதற்கு அப்பால் சுடக்கூடாது, குறி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, காற்றைக் கிழித்துச் செல்லும் திறனைச் சொல்லும் பி.சி. எண். நீண்டு ஒடுங்கிய குண்டுக்கு இது கூடும். ஜி1, ஜி7 என இரண்டு அளவுமுறைகள் உண்டு. ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். ஜி7 எண் எப்போதும் ஜி1-இன் பாதியளவில்தான் இருக்கும்.

உயர்ந்த பி.சி. எண்ணுக்காகப் போட்டிக் குண்டுகளை வேட்டைக்கு எடுத்துச் செல்பவர்கள் உண்டு. காகிதத்தைத் துளைக்கச் செய்த குண்டு விலங்கின் தோளெலும்பில் என்ன செய்யும் என்பது குண்டுக்குக் குண்டு மாறும். நான் எடுத்துச் செல்வதில்லை.

படி 4: தோட்டா

இப்போது ஒரு சோதனை. மேக்னமே அல்லாத 6.5 கிரீட்மூர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 143 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 823 மீட்டர். பக்கத்தில் .300 வின்செஸ்டர் மேக்னம். 200 கிரெய்ன், 870 மீட்டர். இரண்டையும் 200 மீட்டரில் குறி சேர்த்து, 500 மீட்டரில் பார்ப்போம். மேக்னம் ஏறத்தாழ 1.3 மீட்டர் கீழே விழுகிறது. கிரீட்மூர் 1.4-ஐச் சற்றுத் தாண்டுகிறது. வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக்காற்று இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவு, அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளுகிறது.

அப்படியானால் இரட்டை உதைப்பை வாங்கி என்ன கண்டோம்? விலங்கைத் தொடும் இடத்தில் மிஞ்சியிருக்கும் ஆற்றல். கிரீட்மூரில் அது 1,600 ஜூல் அளவில். மேக்னத்தில் 2,400 அளவில். அதோடு பருமனான, எடைகூடிய குண்டு. பெரிய எலும்பை உடைத்து ஆழமாக இறங்கும். மேக்னத்தின் உண்மையான ஆதாயம் இதுதான். 'மேக்னம் நேர்கோட்டில் பறக்கும், அதனால் தூரம் கணிக்க வேண்டாம்' என்பது வெறும் பேச்சு.

மூன்றாவதாக 7 மி.மீ. பி.ஆர்.சி.யை இதே கணக்கில் போடுங்கள்: 175 கிரெய்ன், 914 மீட்டர். அதே காற்றில் தள்ளல் 38 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது, மிஞ்சும் ஆற்றல் .300 மேக்னத்துக்குக் கீழே இல்லை. உதைப்போ அதைவிடக் குறைவு. குண்டின் வடிவம் செய்யும் வேலை இது. தோட்டாவின் பருமனை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்கு இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

இனி, வரிசையாகச் சில தோட்டாக்கள்.

7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் 1962-இல் மாடல் 700 ரைஃபிளோடு சேர்ந்து வந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கிட்டத்தட்ட எல்லா இடங்களிலும் தோட்டா கிடைக்கிறது. உதைப்பு தாங்கக்கூடியது, மான் முதல் எல்க் வரை போதும். முதன்முதலாக மேக்னம் வாங்குபவருக்கு இதைச் சொல்ல நான் தயங்குவதில்லை. குறை, பழைய ரைஃபிள்களின் புரி, அதாவது குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய சுருள் வரி. அதை அடுத்த படியில் பார்ப்போம்.

.300 வின்செஸ்டர் மேக்னம் அதற்கு மறு ஆண்டு வந்தது. கூட்டின் கழுத்து குண்டின் விட்டத்தைவிடக் குட்டை என்று தொடக்கத்திலிருந்தே குறைசொன்னார்கள். அறுபதாண்டு வேட்டையிலும், படைகளின் குறிபார்த்துச் சுடும் ரைஃபிள்களிலும் அது அந்தக் குறையோடேயே ஓடுகிறது. 150 முதல் 220 கிரெய்ன் வரை எத்தனை வகைக் குண்டுகள்! எல்க், மூஸ், பெரிய ஆப்பிரிக்க மான்கள் என்று ஒரே ரைஃபிளில் எல்லாம் முடிய வேண்டும் என்பவருக்கு, தோள் சம்மதித்தால் இதுவே முதல் தெரிவு.

6.5 பி.ஆர்.சி. மேக்னம் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளாத மேக்னம். நீளம் குறைந்த போல்ட் அமைப்பிலேயே (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பகுதி) ஓடும், உதைப்பு மென்மை. மான், மலையாடு, செம்மறி வேட்டைக்கு மிகப் பொருத்தம். எல்க் வேட்டைக்கும் பலர் எடுத்துச் செல்கிறார்கள். நான் தூரத்தைக் குறைத்துக்கொண்டுதான் எடுத்துச் செல்வேன்.

7 மி.மீ. பி.ஆர்.சி. 2022-இல் வந்தது. நீண்ட குண்டுகளுக்காகவே கூடும் குழலறையும் புரியும் முதலிலிருந்து வரையப்பட்டவை. புதிதாகத் தொடங்குபவருக்கு இன்றைய நிலையில் தொழில்நுட்பரீதியாக மிகச் சீரான தெரிவு இதுவாக இருக்கலாம். ஒரே ஒரு கேள்வி: நீங்கள் வேட்டைக்குப் போகும் தொலைவூரின் சிறு கடையில் அது கிடைக்குமா? விமானத்தில் பெட்டி தொலைந்துபோன பிறகுதான் இந்தக் கேள்வியின் எடை தெரியும். அந்தக் கடையில் .300 வின்செஸ்டர் இருக்கும்.

.300 பி.ஆர்.சி. 200 கிரெய்னுக்கு மேற்பட்ட நீண்ட குண்டுகளை அடிக்கடி சுடுபவருக்கு. அதன் தோட்டா 94 மில்லிமீட்டர் வரை நீளும்; .300 வின்செஸ்டர் 85-இல் நின்றுவிடும். அதனால் நீண்ட மாகசினும் நீண்ட போல்ட் அமைப்பும் தேவை. எடையும் கூடும்.

28 நாஸ்லர், .300 அல்ட்ரா மேக்னம் போன்றவை வேகத்தின் உச்சியில் நிற்பவை. மருந்து அதிகம் எரிவதால் குழலின் தொண்டை, அதாவது குழலறையை ஒட்டிப் புரி தொடங்கும் இடம், விரைவில் அரிக்கப்படும். ஆயிரம் தோட்டா சுட்டதுமே துல்லியம் குறையத் தொடங்கலாம்; .300 வின்செஸ்டரில் 1,500 முதல் 2,000 வரை எதிர்பார்க்கலாம் என்பது பொதுவான கணிப்பு. ஆண்டுக்கு நூறு சுடுபவருக்கு இது பொருட்டில்லை. ஆனால் ஆண்டுக்கு நூறு மட்டும் சுடுபவர் ஏன் ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் விலங்கைச் சுட வேண்டும்?

.338 வகைகள் பெரும் கரடிக்கும் மூஸுக்கும் நியாயமானவை. மானுக்கு .338 லாபுவா வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். சுவரில் மாட்ட நன்றாக இருக்கும்.

படி 5: ரைஃபிள்

முதலில் புரியின் முறுக்கைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் பாருங்கள். குண்டு நீள நீள, அது தள்ளாடாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். 7 மி.மீ. ரெமிங்டனின் பழைய குழல்கள் பல 9.5 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 162 கிரெய்ன் வரை நன்றாகச் சுடும், 180 கிரெய்ன் நீண்ட குண்டுகளில் திணறும். 7 மி.மீ. பி.ஆர்.சி., 6.5 பி.ஆர்.சி. இரண்டும் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. .300 வின்செஸ்டருக்கு வழக்கம் 10. 200 கிரெய்னுக்குப் போதும். .300 பி.ஆர்.சி.க்கு 8.5. மூன்றாம் படியில் ஒரு குண்டைத் தேர்ந்தீர்களே, அதற்குத் தேவையான முறுக்கை அதன் பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலோ பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் ரைஃபிளைக் கீழே வைத்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

குழலின் நீளம் 24 முதல் 26 அங்குலம். மேக்னத்தில் மருந்து அதிகம். அது எரிந்து முடிய நீளம் வேண்டும். ஓர் அங்குலம் வெட்டினால் வினாடிக்கு 6 முதல் 9 மீட்டர் வேகம் போகும். இருபது அங்குலக் குழலில் மேக்னம் வாங்குபவர், மேக்னத்தின் ஓசையையும் உதைப்பையும் வாங்கிக்கொண்டு சாதாரணத் தோட்டாவின் வேகத்தை எடுத்துப்போகிறார். ஒலியடக்கி பொருத்துபவர் 22-க்கு இறங்கலாம்.

குழலின் தடிப்பு நடுத்தரமாக இருக்கட்டும். பென்சில் போன்ற குழல் மூன்றாவது குண்டிலேயே சூடேறிக் குறி நகரும். வேட்டையில் மூன்றாவது குண்டு தேவைப்படக்கூடாதுதான். ஆனால் பயிற்சி என்று ஒன்று இருக்கிறதே.

அடிக்கட்டையில் இரண்டு விஷயங்கள். ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் அறைவரை வர வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைச் சாய்த்து, கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிந்தால் கட்டை உங்களுக்குப் பொருந்துகிறது. கறுப்புப் பிறை தெரிந்தால் கன்னமேடு உயர வேண்டும் அல்லது வேறு ரைஃபிள் பார்க்க வேண்டும். கன்னம் சரியாகப் படியாத மேக்னம், உதைக்கும்போது தாடையைத் தேடி வரும்.

மொத்த எடை ஸ்கோப்போடு 4 முதல் 4.5 கிலோ என்பது என் கணக்கு. விசை ஒன்று முதல் ஒன்றரை கிலோ இழுப்புக்குள், தயக்கமில்லாமல் விடுபட வேண்டும். குளிரில் விரைத்த விரலுக்கு அதைவிட மெல்லிய விசை ஆபத்து.

படி 6: ஸ்கோப்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ரைஃபிளுக்கு ஒதுக்கிய தொகையில் பெரும்பங்கை ஸ்கோப்புக்கு மாற்றத் தயங்காதீர்கள். 3-15 அல்லது 4-16 போன்ற பெருக்கம் போதும். கண்ணுக்கும் ஆடிக்கும் இடைவெளி 9 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் புருவத்தில் அரைவட்டத் தழும்பு விழும். மில் அல்லது எம்.ஓ.ஏ., எதுவாயினும் உள்ளே கோடுகளும் வெளியே திருகும் குமிழும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு மில் என்பது நூறு மீட்டரில் 10 சென்டிமீட்டர். மீட்டரில் பழகியவருக்கு அது எளிது. உயரக் குமிழில் பூஜ்யத்தில் நிற்கும் தடை கட்டாயம். இருட்டும் வேளையில் ஒரு முழுச் சுற்றுத் தவறாகத் திருப்பிவைத்தவருக்கு அதன் அருமை தெரியும்.

பிடிவளையங்களின் திருகுகளை முறுக்களவு காட்டும் கருவியால் மட்டுமே இறுக்குங்கள். மேக்னத்தின் உதைப்பில் சிதறும் குறிகளில் பாதிக்குக் காரணம் தளர்ந்த திருகு. மீதிக்குக் காரணம் என் நண்பர்.

படி 7: வாங்கிய பிறகு முதல் நூறு தோட்டாக்கள்

மூன்று அல்லது நான்கு வகைத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். மூன்று குண்டு சுட்டு, கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிய தாளைப் புகைப்படம் எடுத்துப் பெருமைப்படுவது எல்லோரும் செய்வது. அதே தாளில் இன்னும் ஏழு போடுங்கள். வட்டம் இரண்டு மடங்காகும். அதுதான் உங்கள் ரைஃபிளின் உண்மையான குறியடக்கம். ஒரே நேரத்தில் பத்தும் வேண்டாம், குழல் ஆறவிட்டுச் சுடுங்கள். நான்கில் மிகச் சிறிய வட்டம் தரும் தோட்டாவை ஒரே தயாரிப்பு எண்ணில் இயன்ற அளவு வாங்கிவிடுங்கள்.

பிறகு வேகமானியை வைத்து அளந்துவிடுங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகம் தயாரிப்பாளரின் சோதனைக் குழலுக்கு உரியது; உங்கள் குழலில் வினாடிக்கு 15 அல்லது 20 மீட்டர் குறைவாக வருவது சாதாரணம். உங்கள் வேகம், குண்டின் பி.சி., சுடும் இடத்தின் காற்றழுத்தம், வெப்பம் ஆகியவற்றைக் கணக்குச் செயலியில் இட்டால் ஒவ்வொரு தூரத்துக்கும் எத்தனை மில் என்று வரும். அதை அப்படியே நம்பக்கூடாது. 300, 400, 500 மீட்டரில் இரும்புத் தகட்டில் சுட்டுச் சரிபார்த்து, மாறுபட்டால் எண்ணைத் திருத்துங்கள். கடல்மட்டத்தில் சரிபார்த்த அட்டையை மூவாயிரம் மீட்டர் மலைக்கு எடுத்துச் சென்றால் குண்டு மேலே போகும். அங்கே காற்று மெலிது.

மீதமுள்ள தோட்டாக்களை மேசையில் சுட்டு வீணாக்காதீர்கள். உட்கார்ந்து, மண்டியிட்டு, முதுகுப்பையின் மேல், சரிவில் குப்புறப் படுத்து என்று சுடுங்கள். ஒவ்வொரு நாளும் ஆறிய குழலிலிருந்து வரும் முதல் குண்டு எங்கே விழுந்தது என்பதைத் தனிக் குறிப்பேட்டில் எழுதிவாருங்கள்: தேதி, தூரம், காற்று, நிலை, விலகல். அப்படி இருபது வரிகள் சேர்ந்ததும், முதல் படியில் எழுதிய அந்தத் தூரத்தை எடுத்து அருகில் வைத்துப் பாருங்கள். என் குறிப்பேட்டில் முதலில் 450 என்று எழுதியிருந்தேன். இப்போது அதை அடித்து 340 என்று எழுதியிருக்கிறது.